மேகம் வரைந்த கேப்டன்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் இன்று ஒரு நொடியில் அலை, மணல், மேகம் அனைத்தும் ஒரே படத்தில் விழுந்துவிடுகின்றன. 1850களில் அது எளிதன்று. அக்காலத் தாள் நெகட்டிவில் நீல ஒளி மிக விரைவில் பதியும். கோபுரம் தெளிவாகப் பதியும் வரை காத்திருந்தால், வானம் வெறும் வெண்மையாகிவிடும்.

1822இல் டெவன்போர்ட்டில் பிறந்து, 1839இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் அவர்களுக்கு இக்குறை பொறுக்கவில்லை. 1855இல் பர்மாவைப் படமெடுத்த அவர், 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரானார். திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று கருவிகளோடு சுற்றினார். வெறுமையான வானத்தில் மேகம் தோன்றும்படி நெகட்டிவின்மேல் தாமே வண்ணம் தீட்டினார். மரங்களின் இலைகளையும் திருத்தினார்.

ஆகவே அவர் படத்தை ஆராய்வோர், அதன் அழகில் சொக்குமுன், ஒளி தந்தது எது, தூரிகை தந்தது எது என்று பிரித்தறிதல் வேண்டும். அம்மேகத்தை நம்பி, அன்று மதுரையில் மழைமூட்டம் என்று வரலாறு எழுதினால் நகைப்புக்கிடமாகும்!

அதற்காக அவரைப் பொய்யர் என்றும் தள்ளிவிட இயலாது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கியவரும் அவரே. அங்கே அவர் நாடியது கண்ணுக்கு அழகன்று. கல்லில் உள்ள எழுத்து.

1860இல் செலவு மிகுதி என்று அரசாங்கம் அவ்வேலையை நிறுத்திவிட்டது. டிரைப் படைப்பணிக்கே திரும்பினார். காமிராவை ஏறக்குறைய மறந்தேவிட்டார். 1902இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.