நிறத்தின் தடையைத் தகர்த்த அணித்தலைவர் ஃபிராங்க் வொரெல்

மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணிக்கு ஒரு தொடர் முழுவதும் தலைமை தாங்கிய முதலாவது கறுப்பினத்தவர் சர் ஃபிராங்க் வொரெல். 51 டெஸ்ட் போட்டிகளில் 3,860 ஓட்டங்களைக் குவித்த அவர், பல தீவுகளைச் சேர்ந்த வீரர்களை ஓரணியாக ஒன்றிணைத்தவராகவே இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

பார்படோஸில் 1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்தவர் வொரெல். அதே தீவில், அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் பிறந்த எவர்ட்டன் வீக்ஸ், கிளைட் வால்காட் ஆகியோருடன் சேர்த்து, 'மூன்று டபிள்யூக்கள்' என்று அவர் அழைக்கப்பட்டார்.

இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்தியத் தீவுகள் முதன்முறையாகத் தொடரை வென்ற 1950ஆம் ஆண்டில், நொட்டிங்ஹாமில் வொரெல் 261 ஓட்டங்களைப் பெற்றார். அந்தத் தொடரில் அவரது மொத்த ஓட்டங்கள் 539. பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டமும் பெற்றார்.

மறுக்கப்பட்ட பொறுப்பு

அணியின் முன்னணி வீரர்களில் பலர் கறுப்பினத்தவராக இருந்தபோதிலும், தலைமைப் பொறுப்பு வெள்ளையினத்தவருக்கே என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. ஜோர்ஜ் ஹெட்லி 1948இல் ஒரேயொரு டெஸ்ட் போட்டிக்குத் தலைமை தாங்கியது மட்டுமே விதிவிலக்கு.

டிரினிடாட்டைச் சேர்ந்த எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், தான் ஆசிரியராக இருந்த பத்திரிகையில் இதனை எதிர்த்துத் தீவிரமாகப் பிரச்சாரம் செய்தார். இறுதியில், 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் தலைவராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

பிரிஸ்பேனில் நடந்த முதல் போட்டியின் இறுதி ஓவரில் ஆஸ்திரேலியாவுக்கு 6 ஓட்டங்கள் தேவைப்பட்டன. கைவசம் 3 விக்கெட்டுகள் இருந்தன. மூன்றும் அந்த ஓவரிலேயே வீழ, இரு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் முடித்த முதலாவது டெஸ்ட் போட்டியாக அது வரலாற்றில் பதிவானது. இரண்டு இன்னிங்ஸ்களிலும் வொரெல் தலா 65 ஓட்டங்கள் எடுத்தார்.

தொடரை 2-1 என்று இழந்தபோதிலும், மெல்பேர்ன் வீதிகளில் பெருந்திரளான மக்கள் கூடி மேற்கிந்திய அணியினரை வழியனுப்பினர். இரு நாடுகளுக்கும் இடையிலான டெஸ்ட் தொடரின் கோப்பை வொரெலின் பெயரையே தாங்கியிருக்கிறது.

இந்தியாவுடனான பந்தம்

இந்திய அணித்தலைவர் நரி கன்ட்ராக்டர் 1962இல் பார்படோஸில் ஆடியபோது, சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கி மண்டையோடு முறிந்து உயிருக்குப் போராடினார். அவருக்காக இரத்ததானம் செய்தவர்களில் எதிரணித் தலைவரான வொரெலும் ஒருவர். கன்ட்ராக்டர் உயிர் பிழைத்தார். அந்தத் தொடரை மேற்கிந்தியத் தீவுகள் 5-0 என்று வென்றது.

தீவுகளை ஒரே நாடாக்க 1958இல் உருவாக்கப்பட்ட மேற்கிந்தியக் கூட்டாட்சி, அதே 1962இல் கலைந்துபோனது. அரசியலில் கைகூடாத ஒற்றுமை, வொரெலின் அணியில் நீடித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தை 3-1 என்று வென்று அவர் ஓய்வு பெற்றார். தலைமை தாங்கிய 15 டெஸ்ட் போட்டிகளில் 9இல் அவரது அணி வெற்றி பெற்றிருந்தது.

1964இல் 'சர்' பட்டம் பெற்ற வொரெல், ஜமைக்காவின் செனட் சபையிலும் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். இரத்தப் புற்றுநோயால் 1967 மார்ச் 13ஆம் தேதி, தமது 42ஆவது வயதில் ஜமைக்காவில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருக்காக நினைவு ஆராதனை நடைபெற்றது.

கன்ட்ராக்டருக்கு அவர் அளித்த இரத்தத்தை நினைவுகூர்ந்து, வங்காளக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3ஆம் தேதியை ஃபிராங்க் வொரெல் தினமாக அறிவித்து, கொல்கத்தாவில் இரத்ததான முகாம்களை நடத்தி வந்துள்ளது.