துணிக்குச் சாயம் போட்டு ஊரை வாங்கிய ஓவியர்: யார் இந்த கே.சி.எஸ். பணிக்கர்?

கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் போய், சோழிங்கநல்லூரில் இடதுபக்கம் திரும்பி, அக்கரை வழியாக ஈசிஆரைத் தொட்டால் பக்கத்திலேயே ஈஞ்சம்பாக்கம். அங்கே 'சோழமண்டலம் ஓவியர் கிராமம்' இருக்கிறது. மகாபலிபுரம் போகிற அவசரத்தில் நம்மில் பலர் அதைத் தாண்டிப் போயிருப்போம். அரசாங்கம் கட்டிய இடம், இல்லாவிட்டால் யாரோ பணக்காரர் எழுதிக் கொடுத்த நிலம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ரெண்டும் இல்லை. ஓவியர்களே காசு சேர்த்து வாங்கிய ஊர் அது. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர்.

வேலையை விட்டு வந்தவர்

பணிக்கர் பிறந்தது 1911-ல், கோயம்புத்தூரில். சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். ஆனால் குடும்பச் சூழ்நிலையால் படிப்பை விட்டுத் தந்தித் துறை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 25 வயதில் அதையும் உதறிவிட்டு, 1936-ல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் சேர்ந்தபோது அங்கே முதல்வர், பின்னாளில் மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

படித்த இடத்திலேயே பணிக்கர் ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-ல் லண்டனில் அவரது ஓவியக் கண்காட்சி நடந்தது. 1957-ல் பள்ளியின் முதல்வர் நாற்காலியும் வந்தது.

முதல்வரை உறுத்திய கேள்வி

ஒவ்வொரு வருஷமும் திறமையான பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியே போனார்கள். அப்புறம்? சென்னையில் அப்போது நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளே அபூர்வம். கோயிலும் அரசரும் கலைஞர்களுக்குச் சோறு போட்ட காலம் போய்விட்டது. பம்பாய், டெல்லி மாதிரி கேலரிகளும் இங்கே இல்லை. கிடைத்த வேலைக்குப் போனால் தூரிகை மூலையில் கிடக்கும். அதைப் பணிக்கர் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர்.

அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. வயிற்றுக்குக் கைத்தொழில், மனசுக்கு ஓவியம். ரெண்டையும் ஒருத்தரே செய்யலாம், ஆனால் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. 1960-களில் அவரும் மாணவர்களும் சேர்ந்து ஓவியர் கைவினைச் சங்கத்தை அமைத்தார்கள்.

பத்திக் கொடுத்த நிலம்

அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது பத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்தால் உருவம் தெரியும். ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள்கூட இந்தத் துணிகளை விரும்பி வாங்கினார்கள். பெரிய கேன்வாஸ் வாங்க வசதி இல்லாத வீட்டுக்கும் ஒரு பத்திக் போய்ச் சேர்ந்தது.

அந்த வருமானத்தைச் சேர்த்துத்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். இன்றைய ஈசிஆர் அப்போது கிடையாது. ஊருக்கு வெளியே வெறும் கடலோர மணல். அங்கே அவரவர் வீடு கட்டிக்கொண்டார்கள். பட்டறையும் காட்சிக்கூடமும் பொது. இந்தக் கடற்கரையின் பழைய பெயரான சோழமண்டலத்தையே ஊருக்கும் வைத்தார்கள். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே. ராமானுஜம் எனப் பலர் அங்கிருந்துதான் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தார்கள்.

எல்லாம் சுகமாக நடந்ததா என்றால், இல்லை. தனி உலகம் ஒன்றை வரைந்த ராமானுஜம் 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். விஸ்வநாதன், அக்கிதம் நாராயணன் இருவரும் பாரிஸில் குடியேறினார்கள். வாசுதேவ் பின்னாளில் பெங்களூரு போனார். சேர்ந்து வாழ்வது ஒரு கனவு என்றாலும், தினசரி வாழ்க்கை ஒவ்வொருவருக்கும் வேறுவேறுதானே?

எழுத்தே படமானது

இத்தனைக்கும் நடுவில் பணிக்கர் வரைவதை விடவில்லை. 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைதான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. மலையாள எழுத்துகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் படம் முழுக்க நிறைந்திருக்கும். படித்தால் அர்த்தம் வராது, பார்க்கத்தான் வேண்டும். மேற்கத்திய ஓவியத்தை நகலெடுக்காமல், நம்மூர்ச் சுவடியும் ஜாதகமும் பழக்கிய கண்ணிலிருந்து ஒரு நவீன ஓவியம் பிறக்கும் என்று அவர் செய்து காட்டினார்.

1967-ல் ஓய்வு பெற்றார். 1977 ஜனவரியில் காலமானார். அவர் மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் பெயர் பெற்று, 2017-ல் மறையும்வரை கிராமத்தின் பொறுப்புகளைத் தோளில் சுமந்தார். சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் 2009-ல் அங்கே திறக்கப்பட்டது.

அப்படியானால் இந்த ஊரின் புரவலர் யார்? அறுபதுகளில் சில ரூபாய் கொடுத்துச் சாயத்துணி வாங்கிப்போன, பெயர் தெரியாத மனிதர்கள்தான். அடுத்த முறை ஈசிஆர் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்கள்.