ஐஸ் மெஷின் இன்ஜினீயர் உருவாக்கிய இன்ஜின் குளிரில் திணறுவது ஏன்? ருடால்ஃப் டீசலின் கதை

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரம். ஜனவரி மாதக் காலை, வெளியே மைனஸ் 40 டிகிரி. (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம். இந்த ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்.) தெருவோரம் இரண்டு பிக்கப் டிரக்குகள் நிற்கின்றன. ஒன்று பெட்ரோல், இன்னொன்று டீசல். ராத்திரி முழுக்க இரண்டுமே வெட்டவெளியில்தான் கிடந்தன. சாவியைத் திருப்பினால் எது ஸ்டார்ட் ஆகும்?

பெட்ரோல் வண்டி முக்கி முனகியாவது உயிர் பெற வாய்ப்பு உண்டு. டீசல் வண்டியோ, முந்தைய இரவே கரன்ட் கொடுத்து இன்ஜினைச் சூடாக வைத்திருக்காவிட்டால், பெரும்பாலும் அசையாது. இத்தனைக்கும் அதிக பாரம் இழுக்கவும், நீண்ட தூரம் சிக்கனமாக ஓடவும் அங்கே பலர் தேடிப்போவது டீசல் பிக்கப்பைத்தான்.

பலம், பலவீனம் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது 130 வருடங்களுக்கு முன்பு ஒரு ஜெர்மன் இன்ஜினீயர் எடுத்த முடிவு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்தது ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில். அவர்தான் ருடால்ஃப் டீசல்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன் பையன்

1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார் டீசல். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்து விற்றவர். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பியது.

அங்கே பிழைப்பு கஷ்டம். அதனால் 12 வயது ருடால்ஃபை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் கணித ஆசிரியர். பையன் படிப்பில் கெட்டி. ஸ்காலர்ஷிப் கிடைத்து மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. நவீன குளிர்சாதனத் தொழில்நுட்பத்தின் முன்னோடிகளில் ஒருவர். நீராவி இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணடிக்கிறது என்று வகுப்பில் கேட்ட விஷயம் டீசல் மனதில் பதிந்துவிட்டது. 1879-ல் டைஃபாய்டு வந்து தேர்வைத் தவறவிட்டார். அடுத்த வருடம் எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் வாங்கினார்.

வேலையும் லிண்டேயின் குளிர்சாதன நிறுவனத்திலேயே, அதுவும் பாரிஸில். பகலில் ஐஸ் இயந்திரங்கள். மற்ற நேரமெல்லாம் வெப்பத்தை வீணாக்காத இன்ஜின் பற்றிய கணக்கு. அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜினில் பல வருடங்களைச் செலவழித்தார். அது தேறவில்லை.

சைக்கிள் பம்ப் சொல்லும் ரகசியம்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், வேகமாக அடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். அவ்வளவுதான் விஷயம். தென்கிழக்கு ஆசியாவில் இதை வைத்தே தீ மூட்டியிருக்கிறார்கள். சிறு குழாய்க்குள் பிஸ்டனை ஓங்கி அழுத்த, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பொருள் பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல் இன்ஜின் இந்த வழியில் போகவில்லை. அதில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை ஓரளவுக்கு அழுத்தி, பிளக்கில் பொறி விட்டுக் கொளுத்துவார்கள். ரொம்ப அழுத்த முடியாது. அழுத்தினால் கலவை நேரம் தவறி வெடிக்கும்.

டீசல் வேறு மாதிரி யோசித்தார். வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுக்கலாம். எரிபொருள் தானாகவே பற்றும் அளவுக்கு அதை நசுக்கிச் சூடாக்கலாம். அதன் பிறகு எரிபொருளைச் செலுத்தலாம். பொறியே வேண்டாம். அதிகமாக அழுத்தினால் ஒரே அளவு எரிபொருளில் அதிக வேலை வாங்கலாம்.

இதற்கு 1892-ல் பேடன்ட் கேட்டு விண்ணப்பித்தார். 1893 பிப்ரவரியில் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன. அந்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வாரிசுதான் இன்று லாரிகளில் பார்க்கும் எம்.ஏ.என்.

ஒரு நிமிட ஓட்டம்

1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. உள்ளே அழுத்தம் சட்டென எகிறி, அளவு காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். இன்ஜின் ஓடவில்லை. ஆனால், பொறி இல்லாமலே தீ பிடிக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது.

1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் முதல் முறையாகத் தன் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஒரே நிமிடம். அதிலிருந்து உருப்படியான இன்ஜின் வர இன்னும் மூன்று வருடங்கள் ஆயின. 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய அதிகாரபூர்வ சோதனையில், எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதத்தை அந்த இன்ஜின் வேலையாக மாற்றியது. சாதாரண நீராவி இன்ஜின்கள் 10 சதவீதத்தைத் தாண்டவே திணறிய காலம் அது.

உலகமே டீசல் வீட்டு வாசலில் நின்றது. அமெரிக்க உரிமையை மட்டும் பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 40 வயதில் டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் பிரமாண்டமான பங்களா.

ஆனால் பணம் நிற்கவில்லை. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட முதலீடு மூழ்கியது. பேடன்ட் தகராறுகள் வேறு. உடலும் மனமும் சோர்ந்து சிகிச்சைக்குப் போகும் நிலை வந்தது.

தென்துருவப் போட்டியில் டீசல் Vs பெட்ரோல்

கடும் குளிரில் டீசலா, பெட்ரோலா என்ற கேள்வி டீசல் உயிரோடு இருந்தபோதே எழுந்துவிட்டது.

தென்துருவத்தை முதலில் அடைவது யார் என்ற போட்டியில் நார்வேயின் அமுன்ட்சென், பிரிட்டனின் ஸ்காட் இருவரும் இறங்கினார்கள். அமுன்ட்செனின் ‘ஃப்ராம்’ கப்பலில் இருந்த நீராவி இன்ஜினை 1910-ல் கழற்றிவிட்டு, ஸ்வீடனில் தயாரான 180 குதிரைசக்தி டீசல் இன்ஜினைப் பொருத்தியிருந்தார்கள். அது அண்டார்டிகா வரை போய்ச் சேர்ந்தது. ஸ்காட் குழு பெட்ரோலில் ஓடும் மூன்று மோட்டார் சறுக்கு வண்டிகளைக் கொண்டுபோனது. இறக்கும்போதே ஒன்று பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் பயணத்தின் ஆரம்பத்திலேயே இன்ஜின் கோளாறால் நின்றன.

அப்படியென்றால் டீசல்தான் ஜெயித்ததா? அவசரப்பட வேண்டாம். ஃப்ராமின் இன்ஜின் கப்பலுக்குள் மூடிய அறையில் இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. திறந்த பனிவெளியில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆக வேண்டிய நிலை அதற்கு இல்லை. பிக்கப் டிரக்குக்கு அந்த நிலைதான் தினமும்.

செப்டம்பர் 29, 1913

அன்று மாலை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ‘டிரெஸ்டன்’ என்ற கப்பலில் ஏறினார் டீசல். இங்கிலாந்தில் புதிய இன்ஜின் தொழிற்சாலை தொடர்பான வேலை இருந்தது. கூட வந்தவர்களோடு இரவு உணவு சாப்பிட்டார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு, 10 மணி வாக்கில் அறைக்குப் போனார். காலையில் அறை காலி. தொப்பியும் கோட்டும் மட்டும் மேல்தளத்தில் கிடைத்தன.

பத்து நாட்கள் கழித்து ஒரு டச்சுக் கப்பல் கடலில் ஒரு உடலைக் கண்டது. பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். டீசலுக்கு வயது 55.

கடன் சுமையால் எடுத்த முடிவு என்பது பலரின் கருத்து. கொலை என்று சொல்பவர்களும் உண்டு. எதுவும் நிரூபணமாகவில்லை.

தன் இன்ஜின் ஓடும் ஒரு லாரி சந்தைக்கு வருவதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார். காரணம், எரிபொருளை உள்ளே ஊதிச் செலுத்த அவருடைய இன்ஜினுக்குக் கனமான கம்ப்ரஸர் தேவைப்பட்டது. லாரிக்கான சின்ன இன்ஜினை அவர் முயன்று பார்த்தும் சரிப்பட்டு வரவில்லை. 1920-களில்தான் கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரிகள் வந்தன. அமெரிக்க பிக்கப்புகளில் டீசல் பரவலானது 1980-களில். ஃபோர்டு, செவர்லே, கம்மின்ஸ் இன்ஜின் பொருத்திய டாட்ஜ் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவையே.

மைனஸ் 40-ல் நடப்பது என்ன?

*வெப்பம் போதாது:* 30 டிகிரி காற்றை 16-ல் ஒரு பங்காக நசுக்கினால், உத்தேசமாக 500 டிகிரியைத் தாண்டும். மைனஸ் 40 டிகிரி காற்றை அதே அளவு நசுக்கினால் சுமார் 350 டிகிரிதான். அதையும் உறைந்து கிடக்கும் இன்ஜினின் இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினுக்கு இந்தக் கவலை இல்லை. பிளக்கில் பொறி வரும். எரியக்கூடிய அளவு ஆவி இருந்தால் போதும். குளிர்காலத்துக்கென எளிதில் ஆவியாகும் பெட்ரோலே அங்கு விற்கிறார்கள்.

*எரிபொருள் உறையும்:* டீசலில் மெழுகுத் தன்மையுள்ள பொருட்கள் உண்டு. குளிரில் அவை திரண்டு ஃபில்டரை அடைக்கும். சில நேரம் வண்டி ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போய் நடுரோட்டில் நிற்கும். அதனால் மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான, மெழுகு குறைந்த குளிர்கால டீசலைப் போட வேண்டும். நம் லடாக்கிலும் இதே பிரச்சினைதான். மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் இழக்காத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அங்கு அறிமுகப்படுத்தியது.

*பேட்டரி படுத்துவிடும்:* குளிரில் பேட்டரியின் திறன் குறையும், இன்ஜின் ஆயில் கெட்டியாகும். இது இரண்டு வகைக்கும் பொது. ஆனால் டீசலை அதிக அழுத்தத்துக்கு எதிராகச் சுழற்ற வேண்டும். அதனால்தான் பல டீசல் பிக்கப்புகளில் இரண்டு பேட்டரிகள்.

*புகைக் கட்டுப்பாட்டுத் திரவமும் உறையும்:* இன்றைய டீசல் வண்டிகளில் ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதற்கென டேங்கில் தனி ஹீட்டர் இருக்கிறது.

*ஹீட்டர் லேட்:* இதுதான் பெரிய முரண். வெப்பத்தை வீணாக்கக் கூடாது என்பதே டீசலின் கனவு. அதில் அவர் ஜெயித்தார். ஆனால் பனிப்பிரதேச டிரைவருக்குக் கேபினில் கதகதப்பு தருவதே இன்ஜின் வீணாக்கும் அந்த வெப்பம்தான். பெட்ரோல் வண்டியில் அது தாராளம். டீசல் வண்டி சும்மா நின்று ஓடினால் சூடாகவே நேரம் பிடிக்கும். ரேடியேட்டர் முன்னால் கவர் மாட்டி ஓட்டுவதற்குக் காரணம் இதுதான்.

அப்போ எதை வாங்குவது?

வண்டி நிற்கும் இடமும் செய்யும் வேலையும்தான் முடிவு செய்யும். தினமும் சில கிலோமீட்டர் ஆபீஸ் போய்வர, பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் பெட்ரோல்தான் நிம்மதி. விலையும் குறைவு. கனமான டிரெய்லர் இழுத்து நாள் முழுக்க ஓட வேண்டும், இரவில் மின் இணைப்போ ஷெட்டோ உண்டு என்றால் டீசல். ஒருமுறை சூடேறிவிட்டால் குளிர் அதற்குப் பெரிய பொருட்டில்லை. சிக்கல் எல்லாம் அந்த முதல் சில நிமிடங்களில்தான்.

அந்த நிமிடங்களைச் சமாளிக்கத்தான் எத்தனை ஏற்பாடு! சிலிண்டருக்குள் ஹீட்டர் பிளக், அல்லது உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலை. இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர். ஃபேர்பேங்க்ஸின் பார்க்கிங் இடங்களில் வண்டிக்குக் கரன்ட் கொடுக்கவே பிளக் பாயின்ட் வரிசையாக இருக்கும். பெட்ரோல் வண்டிக்காரர்களும் அதைப் பயன்படுத்துவார்கள் என்றாலும், டீசல்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

1897-ல் ஓடிய அந்த இன்ஜின் இன்றும் மியூனிக்கின் ஜெர்மன் மியூசியத்தில் நிற்கிறது. அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. இன்றைய டீசல் பிக்கப்பிலும் இல்லை. காற்றை நசுக்கினாலே போதும், வெப்பம் தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. மைனஸ் 40-ல் மட்டும் அந்த வெப்பத்தில் கொஞ்சத்தைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது.