பிரித்துப் பார்த்தறிந்த பெரியவர் ஜி. டி. நாயுடு

கல்வி என்பது ஏட்டில் மட்டும் இருப்பதன்று, கையிலும் இருப்பது. பள்ளிக்கூடத்தை வெறுத்து ஓடி, கைத்திறத்தால் உயர்ந்து, முடிவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கே முதல்வராக அமர்ந்த பெரியவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். கோவை ஜி. டி. நாயுடு அவர்களைத்தான் சொல்கிறேன். வங்கத் தலைநகரில் விஞ்ஞானம் பயிலும் நம் மன்றத்துத் தோழர்கள் அவருடைய வரலாற்றை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் துரைசாமி. ஆசிரியர் மீது மணலை வாரி இறைத்த பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. வயல் வேலைக்கு அனுப்பினார்கள்.

அந்நாளில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளை இளைஞர் துரைசாமி கண்டார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை; வண்டி ஓடுகிறது! எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. விலை கொடுத்து வாங்கப் பணம் ஏது? கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசுக்குக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த ரட்ஜ் வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார், எது எதற்காக என்று கண்டார், திரும்பப் பூட்டினார். அன்று பிறந்தார் மெக்கானிக் நாயுடு.

இந்த இடத்தில் நம் காலத்துச் செய்தி ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நான் குடியிருப்பது லேக் மார்க்கெட் பக்கத்தில். காப்பிப் பொடியும் முருங்கைக்காயும் மணக்கும் அந்தத் தெருக்களில், இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார்களின் உறுமல்தான் கேட்கும். எங்கள் சந்தில் உள்ள தமிழ் நண்பர் ஒருவர் வேகமான கார் ஒன்று வைத்திருக்கிறார். அதனோடு வந்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய பெரிய குழாயை வீட்டுக் கார் கொட்டகையிலேயே மாட்டினார். நான் விளக்குப் பிடித்தேன். கார் உறுமியது. கூடவே டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ஏன் எரிகிறது என்று கேட்டேன். தெரியாது, எல்லோரும் இப்படித்தான் மாட்டுகிறார்கள் என்றார்.

புகைக்குழாய் வெறும் குழாயன்று. சிலிண்டரில் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் வாயு அழுத்தத்தோடு பீறிட்டு வெளிவருகிறது. அந்த அதிர்வைச் சைலன்சர் தன் அறைகளுக்குள் அடக்குகிறது. அதற்கு முன்னே கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்னும் பெட்டி இருக்கிறது. உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் பூச்சு. கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சைக் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றுவது அது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால், அதன் பின்னிருந்து காவல் காக்கும் ஆக்சிஜன் சென்சார் காட்டிக் கொடுத்துவிடும். எரிந்தது அந்த விளக்குத்தான். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் வேகம் தளர்ந்து, மெதுவாகச் செல்லும்போது இழுவை குறைவதும் உண்டு. தெருவில் உறங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் நேரும் துன்பம் தனி. நாயுடுவும் கழற்றினார், நண்பரும் கழற்றினார். நாயுடு அறிவதற்காகக் கழற்றினார். நண்பர் அதிர்வதற்காகக் கழற்றினார். அவ்வளவுதான் வேற்றுமை; ஆனால் அதுவே எல்லாம்.

அறிந்த கை சும்மா இருக்கவில்லை. 1920ஆம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒன்று பலவாயிற்று. யூ.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து நாடறிந்த பெயராயிற்று. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைக்கும் கிணற்றுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. அதுவோ கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. 1937ஆம் ஆண்டு, பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். உலர் மின்கலத்தில் ஓடும் ரேசன்ட் என்னும் சவரக் கருவியும் அவர் படைப்பே. 1952இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்குத் தர முன்வந்தார். அரசு உரிமம் தரவில்லை. ஏழை வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டிய கார் பட்டறையோடு நின்றது.

இவற்றினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது அவருடைய கல்விப் பணி. 1945இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. முதல்வராக அமர்ந்தவர், நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டு ஆண்டே போதும் என்று வாதாடினார். ஆட்சியாளர் இசையவில்லை, பதவியைத் துறந்தார். பின்னர் சில வாரங்களில் ரேடியோவும் மோட்டாரும் கற்பிக்கும் வகுப்புகளைத் தாமே நடத்தினார். இதே கல்கத்தாவில் ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன், நாயுடுவின் கற்பிக்கும் திறனைப் போற்றினார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அந்தப் பெரியவர் மறைந்தார்.

இரண்டு ஆண்டு போதும் என்ற அவருடைய கணக்கை நான் முழுதும் ஏற்கவில்லை. கணிதமும் இயற்பியலும் அவசரத்தில் வருபவை அல்ல. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நம்மை விடாது. விலை உயர்ந்த கருவிகளின் முன் அமர்ந்து எண்களைக் குறிக்கிறோம். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர் எத்தனை பேர்? கருவி நின்றுவிட்டால் கம்பெனி ஆள் வரும்வரை கைகட்டிக் காத்திருக்கிறோமே!

நம் மன்றம் ஆண்டுதோறும் பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறது. நடக்கட்டும். அவற்றோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை வாங்கி வைத்து, எல்லோரும் கூடிப் பிரித்துப் பூட்டுவோம். வரலாற்று மாணவரும் வரட்டும், வேதியியல் மாணவியும் வரட்டும். நாயுடு அவர்களுக்கு நாம் எடுக்கக்கூடிய விழா அதுவே.