மருந்தை அளந்து இட்ட வேட்டைக்காரர்

1821இல் லண்டனில் பிறந்த சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்தார். மலையில் மரைகளை நாய்களை விட்டுப் பிடித்துக் கத்தியால் கொன்றார். மின்னேரியாவுக்குத் துவக்கோடு போனார்.

அக்காலத்தில் துவக்கின் வாய்வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் கையால்தான் இடவேண்டும். அவரது பெருந்துவக்கு ஏறத்தாழ 9.5 கிலோ, ஒரு வெடிக்கு 28 கிராம் மருந்து. மருந்து குறைந்தால் குண்டு தாழும் என்பது அவர் கணக்கு.

1855இல் இலங்கையை விட்டுச் சென்றவர், 1864இல் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியை அடைந்தார். 1890இல் வெளிவந்த நூலில், யானைக்குக் கடினமாக்கிய ஈயம், மானுக்குத் தூய ஈயம் என்று பிரித்தார். தூய ஈயம் விரிந்து உடலுக்குள்ளேயே தங்கும். துளைத்து வெளியேறினால் மான் காயத்தோடு ஓடிவிடும்.

1893இல் இறந்தார். சன்னம் உடலுக்குள் என்ன செய்யும் என்பதை அவர் விலங்குகளைச் சுட்டு அறிந்தார். நம்மில் பலர் தம் உடலிலேயே அறிந்தோம்.