பறவை மனிதர் சலீம் அலி



நவம்பர் 12-ஆம் தேதி யாருடைய பிறந்த நாள் தெரியுமா? பறவை மனிதர் சலீம் அலிக்கு அன்றுதான் பிறந்த நாள். 1896-இல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயசில் அப்பா போயிட்டார், மூணு வயசில் அம்மாவும் போயிட்டாங்க. தாய்மாமா அமீருதீன் வீட்டில்தான் வளர்ந்தார்.

சின்ன வயசில் அவர் கையில் இருந்தது பைனாகுலர் இல்லை, ஏர் கன்! கூட்டுக்குக் காவல் நின்ற ஆண் சிட்டுக்குருவியைச் சுட்டார். பெண் குருவி வேறொரு ஆணைக் கூட்டி வந்தது. அதையும் சுட்டார். இப்படி ஏழு நாளில் எட்டுக் குருவி! படிக்கும்போது எனக்குக் கோபமா வந்தது. ஆனா நடந்ததை எல்லாம் அவர் நோட்டில் எழுதி வைத்தார். அந்தப் பழக்கம்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது.

இன்னொரு நாள் சுட்ட குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவின்னு மாமாவுக்கும் தெரியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே மில்லார்டு என்ற வெள்ளைக்காரர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் திறந்து காட்டினார். அன்னைக்குப் பிடித்த பறவைப் பைத்தியம் கடைசி வரை விடவே இல்லை.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசு வேலை கிடைக்கலை. ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தும் வேலை இல்லை. சும்மா இருக்காமல் கிஹிம் என்ற கடற்கரை ஊரில் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதை மாதக்கணக்கில் கவனித்து எழுதினார். மனைவி தெஹ்மினா அவருக்குப் பக்கபலமா இருந்தாங்க. 1939-இல் அவங்க இறந்ததும் ரொம்ப உடைந்து போனார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. அதில் படங்கள் இருந்ததால் சாதாரண ஜனங்களும் பறவையைப் பார்த்துப் பேர் சொல்லக் கத்துக்கிட்டாங்க.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊரில் பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. குளிர் காலத்தில் சைபீரியா பக்கம் இருந்து வாத்துகள் ஆயிரக்கணக்கில் வரும். ராஜா காலத்தில் அங்கே வேட்டைத் திருவிழாவே நடக்கும். 1938-இல் வைஸ்ராய் வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டாங்க. அந்த நாள் எது தெரியுமா? நவம்பர் 12! சலீம் அலிக்கு அன்னைக்கு 42 வயது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிலத்தை வற்ற வைத்து வயலாக்கணும்னு கேட்டாங்க. சலீம் அலி பிரதமர் நேருவிடம் போய்ப் பேசினார். இடம் பிழைத்தது. சுட்ட இடத்திலேயே பறவைகளைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விட்டாங்க. வளையத்தைப் பார்த்தவங்க பம்பாய்க்குத் தகவல் அனுப்பணும். அப்படித்தான் பறவை எங்கே போகுதுன்னு தெரிய வந்தது. நம்ம தமிழ்நாட்டுக் கோடிக்கரையிலும் அவருடைய சங்கம் இதைச் செய்தது.

1982-இல் பரத்பூர் தேசியப் பூங்கா ஆனது. மாடு மேய்க்கத் தடை போட்டாங்க. சலீம் அலியும் அதை ஆதரித்தார். மக்கள் எதிர்த்தாங்க. போலீஸ் சுட்டதில் சில உயிர்கள் போயின. ஆனா மாடு போகாததால் தண்ணீரில் புல் மண்டி, வாத்துகளுக்கு இடம் குறைந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவருடைய சங்கத்தின் ஆராய்ச்சிதான்! எருமைக்கும் வாத்துக்கும் உள்ள தொடர்பு மேய்க்கிறவங்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். அவங்களையும் கேட்டிருக்கணும் என்பது என் கருத்து. பெரியவங்களும் தப்புவாங்க. அளந்து பார்த்து எழுதி வைத்தால்தான் தப்பு தெரியும்.

பத்மவிபூஷண் விருது பெற்ற சலீம் அலி, 1987 ஜூன் 20-இல் 90-வது வயதில் மறைந்தார்.

நம்ம ஊர் ஏரிக்கும் மழைக்கு அப்புறம் பறவைகள் வருது. பசங்களே, கவட்டையைக் கீழே போடுங்க. ஒரு நோட்டு எடுங்க. தேதி, இடம், எத்தனை பறவை, என்ன செய்தது என்று எழுதுங்க. சலீம் அலியும் ஒரு நோட்டில்தான் ஆரம்பித்தார்!