தர்மராஜா கோவில் தெருவில் குடியிருந்து, தர்மரையே வெளுத்து வாங்கிய பாரதியார்!

புதுச்சேரி,

மூணு சீட்டோ, போக்கரோ, பகடையோ... ஆட உட்காருபவன் முதலில் பார்க்க வேண்டியது எதிரே இருக்கும் ஆள் யார் என்பதைத்தான். அதை கோட்டை விட்டவர் தர்மர். அந்த கதையை புதுச்சேரியில் இருந்தபடி பாட்டாக எழுதியவர் மகாகவி பாரதியார்.

எட்டயபுரத்தில் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந்தேதி பிறந்தவர் பாரதியார். அப்பா சின்னசாமி அய்யர் பருத்தி ஆலை தொடங்கி, போட்ட பணம் எல்லாம் போய், 1898-ல் இறந்துபோனார். கையில் காசு இல்லாத வாழ்க்கை பாரதியாருக்கு அப்போதே பழகிவிட்டது.

1908-ல் சென்னையில் "இந்தியா" பத்திரிகை மீது வெள்ளைக்கார போலீஸ் பாய்ந்தது. பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு தப்பி வந்தார். இங்கிருந்தும் பத்திரிகையை நடத்தினார். ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் அதை விடாததால் 1910-ல் நின்றுபோனது. வருமானம் போச்சு. வாசலில் உளவாளிகள் வேறு!

அவர் குடியிருந்தது ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெரு. அந்த வீடு இன்று நினைவு இல்லமாக உள்ளது. தெரு பெயரிலேயே தர்மராஜா இருந்தும் பாரதியார் அவரை சும்மா விடவில்லை.

1912-ல் "பாஞ்சாலி சபதம்" முதல் பாகம் வெளிவந்தது. அதில் பந்தயம் கட்டுவது துரியோதனன், காய் உருட்டுவது மாமன் சகுனி. ஒருத்தர் ஆட இன்னொருத்தர் பணயம் வைப்பது நியாயமா என்று தர்மர் கேட்கத்தான் செய்கிறார். மாமனுக்காக மருமகன் வைத்தால் என்ன தப்பு என்று மழுப்பியதும் அடங்கிவிடுகிறார். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

செல்வம் போனது, நாடு போனது. நாட்டை வைத்து ஆடிய இடத்தில் பாரதியாருக்கு கோபம் பொங்குகிறது. கோவில் பூசாரியே சாமி சிலையை விற்றது மாதிரி, காவல்காரனே வீட்டை தோற்றது மாதிரி என்று வெளுத்து வாங்குகிறார். ஊரார் சொத்தை பந்தயம் வைக்க ராஜாவுக்கு என்ன உரிமை என்பதுதான் அவரது கேள்வி. அடிமைப்பட்டு கிடந்த பாரத தேசத்தைத்தான் அவர் பாஞ்சாலியாக பார்த்தார்.

அடுத்து தம்பிகளை ஒவ்வொருவராக வைத்து தோற்றார் தர்மர். பிறகு தன்னையே இழந்தார். கடைசியில் பாஞ்சாலி. தன்னையே தோற்ற ஆளுக்கு என்னை பணயம் வைக்க ஏது உரிமை என்று அவள் கேட்டதற்கு சபையில் சரியான பதில் இல்லை. அண்ணன் கையை எரிக்க நெருப்பு கொண்டு வா என்று சகாதேவனிடம் கொதிக்கிறான் பீமன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தர்மர் பகடை ஆட்டத்தின் நுணுக்கத்தை முறையாக கற்றது எல்லாம் தோற்று காட்டுக்கு போன பிறகுதான். பிருகதசுவர் என்ற முனிவர், சூதில் நாடு இழந்த நளன் கதையை சொல்லி கற்றுக்கொடுத்ததாக வியாச பாரதம் கூறுகிறது.

பத்து வருடம் புதுச்சேரியில் இருந்த பாரதியார் 1918 நவம்பரில் வெளியேறினார். எல்லையை தாண்டியதுமே கைது செய்யப்பட்டு கடலூர் சிறையில் சில வாரம் அடைக்கப்பட்டார். 1921 செப்டம்பரில் சென்னை திருவல்லிக்கேணியில் மரணம் அடைந்தார். அப்போது வயது 38.

பாஞ்சாலி சபதம் போடும் இரண்டாம் பாகம் 1924-ல்தான் புத்தகமாக வெளிவந்தது.